நான்கு பங்காளிகளின் தரவுத்தளங்களில் ஒரே பிராசஸ் லாஸ் ரிப்போர்ட்

திருப்பூரில் துணியை எடையால்தான் பேசுவோம். நூலைக் கிலோவில் வாங்குகிறோம், நிட்டிங் கூலியைக் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசுகிறோம், சாயம் ஏற்றாத கிரே துணி சாயப்பட்டறைக்குக் கிலோவில் போய்க் கிலோவில் திரும்பி வருகிறது. போன எடைக்கும் வந்த எடைக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பிராசஸ் லாஸ் என்று பெயர். 412.6 கிலோ அனுப்பி 391.3 கிலோ வந்தால் குறைந்தது 21.3 கிலோ, நூற்றுக்கு 5.16. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது. இந்தக் கணக்கை நான்கு தரவுத்தளங்களில் ஒரே மாதிரி போட வைப்பதற்கு எனக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதில் என்ன கற்றுக்கொண்டேன் என்பதை, இதே போன்ற வேலையில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

நான் ரிப்போர்ட் எழுதித் தரும் நான்கு பின்னலாடை யூனிட்டுகளும் ஒரு காலத்தில் ஒரே நிறுவனமாக இருந்தவை. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிந்தபோது தறி, தையல் மெஷின், கட்டடம் எல்லாம் பிரிந்தன. எங்கள் பக்கத்துப் பாகப் பத்திரங்களில் கிணறும் தடமும் பொது என்று ஒரு வரி எழுதி வைப்பார்கள். யார் எந்த நாளில் தண்ணீர் இறைப்பது என்பது வரை அதில் இருக்கும். மென்பொருளைப் பற்றி எந்தப் பத்திரத்திலும் யாரும் எழுதவில்லை. ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதன்பின் அனுப்பர்பாளையத்து யூனிட் மைஎஸ்கியூஎல் என்ற பழைய தரவுத்தள மென்பொருளிலேயே இருந்தது. பெருமாநல்லூர்க்காரர் புதிய கணக்கு மென்பொருள் வாங்கியபோது எஸ்கியூஎல் சர்வருக்கு மாறினார். மங்கலத்தில் மூத்தவர் மகன் படித்துவிட்டு வந்து எல்லாவற்றையும் போஸ்ட்கிரெஸுக்குக் கொண்டுபோனார். அவிநாசி யூனிட்டில் மைஎஸ்கியூஎல் 5.7 ஓடிக்கொண்டிருந்தது. நான்கும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பது அட்டவணைகளைப் பார்த்தவுடன் தெரியும். ஆனால் எந்த இரண்டும் ஒன்றாக இல்லை.

பிரிந்த பங்காளிகளுக்கு ஒரு பொதுத் தேவை மிஞ்சியிருந்தது. நால்வரும் பெரும்பாலும் அதே சாயப்பட்டறைகளுக்குத்தான் துணி அனுப்புகிறார்கள். எந்தப் பட்டறையில், எந்த நிறத்தில், எவ்வளவு எடை குறைகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் கூலி பேசும்போது உதவும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அதே சமயம் ஒருவருடைய கூலி விலையையோ வாடிக்கையாளர் பெயரையோ மற்றவர் பார்க்கக் கூடாது என்பதிலும் நால்வரும் உறுதியாக இருந்தார்கள். ஆகவே எல்லாத் தரவையும் ஒரே இடத்தில் கொட்டி அங்கே கணக்குப் போடும் வழி ஆரம்பத்திலேயே அடைபட்டது. தரவு அவரவர் வீட்டில் இருக்க வேண்டும். வினவல், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி, மட்டும் வீடு வீடாகப் போய்க் கணக்கை வாங்கி வர வேண்டும்.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். அனுப்பர்பாளையத்துக்கு எழுதிய நூற்று நாற்பது வரி வினவலை மூன்று முறை பிரதி எடுத்து, அந்தந்த இடத்துக்கு ஏற்றபடி அட்டவணைப் பெயர்களைத் திருத்தி ஓடவிட்டேன். முதல் மாதம் நன்றாக இருந்தது. பிறகு ஒவ்வொரு திருத்தத்தையும் நான்கு இடத்தில் செய்ய வேண்டியிருந்தது. ஒரு முதலாளி நிறவாரியாகக் கேட்டார், இன்னொருவர் துணியின் விட்டமான டயாவாரியாகக் கேட்டார். அந்தந்தப் பிரதியில் அந்தந்த வரி முளைத்தது. கடைசியில் நான்கு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது வேண்டுமென்றே செய்த வேறுபாடு, எது மறதியால் வந்த வேறுபாடு என்று எழுதிய எனக்கே தெரியவில்லை.

அந்த மறதி ஒருநாள் ஒருவருடைய கூலியில் கை வைத்தது. நிறம் சரியில்லாத லாட்டை (ஒன்றாகச் சாயம் போட்ட துணித் தொகுதியை) மறுசாயத்துக்குத் திருப்பி அனுப்புவது வழக்கம். அப்போது அதே துணிக்கு இரண்டாவது டெலிவரி சலான் விழும். அதைப் புதிதாகப் போன துணியாகக் கூட்டக் கூடாது என்ற திருத்தத்தை மூன்று பிரதிகளில் சேர்த்த நான், நான்காவதில் சேர்க்கவில்லை. அந்த மாதம் அந்த யூனிட்டிலிருந்து ஒரு பட்டறைக்கு உண்மையில் போனது 9,840 கிலோ, வந்தது 9,340 கிலோ, லாஸ் 5.08 சதவீதம். மறுசாயத்துக்குப் போன 391.3 கிலோவும் போன கணக்கில் ஏறியது. திரும்பி வந்த துணியோ ‘ஆர்’ என்ற எழுத்துடன் வேறு லாட் எண்ணில் பதிவானதால் வந்த கணக்கில் ஏறவில்லை. ரிப்போர்ட் 8.71 சதவீதம் என்றது. பேசிய அளவைத் தாண்டியதற்காகப் பட்டறைக்குக் கூலியில் பிடித்தம் செய்யும் டெபிட் நோட் போனது. பட்டறைக்காரர் ஒரு மஞ்சள் பை நிறைய சலான் பிரதிகளோடு நேரில் வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டிய பிறகுதான் தவறு தெரிந்தது. டெபிட் நோட்டைத் திரும்பப் பெற மூன்று வாரம் ஆயிற்று. தவறு முழுக்க என்னுடையது. ஒரே தர்க்கத்தை நான்கு இடத்தில் வைத்திருப்பவர் நான்கையும் நினைவில் வைத்திருப்பார் என்று நம்புவது எவ்வளவு பெரிய பிழை என்பதை அன்று உணர்ந்தேன்.

அடுத்து, ஒரே வினவலை வார்ப்பாக எழுதி, அட்டவணைப் பெயர், ஃபீல்டு பெயர் வரும் இடங்களைக் காலியாக விட்டு, பைத்தான் என்ற நிரல்மொழியில் நிரப்பிக்கொள்ளும் முறையை முயன்றேன். தேதி, லாட் எண் போன்ற மதிப்புகளைப் பாராமீட்டராகப் பாதுகாப்பாக அனுப்ப முடியும். அட்டவணைப் பெயரை அப்படி அனுப்ப முடியாது, எழுத்தாகத்தான் ஒட்ட வேண்டும். ஒட்டும்போது மைஎஸ்கியூஎல் பின்சாய்ந்த ஒற்றைக் குறியைக் கேட்கும், போஸ்ட்கிரெஸ் இரட்டை மேற்கோளைக் கேட்கும், எஸ்கியூஎல் சர்வர் சதுர அடைப்பை எதிர்பார்க்கும். அதற்கொரு நிபந்தனை, முதல் இருபது வரிகளை எடுக்க ஓரிடத்தில் ‘லிமிட்’ இன்னோரிடத்தில் ‘டாப்’ என்பதற்கொரு நிபந்தனை என்று சேர்த்துக்கொண்டே போனதில், வினவலைப் படித்து அது என்ன கேட்கிறது என்று சொல்ல முடியாத நிலை வந்தது. அந்த வார்ப்பைத் தரவுத்தளக் கருவியில் நேரடியாக ஒட்டி ஓட்டிப் பார்க்கவும் முடியாது. ஒரு எண் தவறாக வந்தால் எங்கே தவறு என்று தேட, முதலில் வார்ப்பை நிரப்பி, நிரப்பியதை எடுத்து, அதை ஓட்ட வேண்டும்.

எஸ்கியூஎல் ஆல்கெமி போன்ற பைத்தான் நிரல் நூலகம் இந்தச் சுமையில் பாதியை ஏற்றுக்கொள்ளும் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். 2006-இல் முதலில் வெளிவந்த அந்த நூலகம், மேற்கோள் குறி, ‘லிமிட்’, ‘டாப்’ ஆகியவற்றை அந்தந்தத் தரவுத்தளத்துக்கு ஏற்றபடி தானே மாற்றி எழுதிக் கொடுக்கிறது. 2023-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில், வகுத்தல் குறி எல்லாத் தரவுத்தளங்களிலும் பின்னத்தோடு விடை தரும்படி ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். ஆனால் தேதிச் செயற்கூறுகளில் பலவற்றை நாம் எழுதிய பெயரிலேயே அனுப்பிவிடுகிறது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று எனக்கு இருந்தது: இந்த ரிப்போர்ட்டை எனக்குப் பிறகு பார்க்கப்போகிறவர்களுக்கு வினவல் மொழியான எஸ்கியூஎல் தெரியும், பைத்தான் தெரியாது. மென்பொருள் நிறுவனத்துக்குச் சரியான கருவி எங்கள் இடத்துக்குச் சரியாக அமையவில்லை.

எஸ்கியூஎல்லுக்குப் பொதுத்தரம் இல்லாமல் இல்லை. 1970-இல் கணினி அறிஞர் எட்கர் காட் உறவுமுறைத் தரவு மாதிரியை முன்வைத்தார்; 1974-இல் ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் அதற்கொரு வினவல் மொழியை வடித்தார்கள்; 1986-இல் அமெரிக்கத் தர நிறுவனம் அதைத் தரமாக ஏற்றது. ஆனால் தரம் வருவதற்கு முன்பே விற்பனைக்கு வந்த தரவுத்தளங்கள் இருந்தன, தரம் வந்த பிறகும் ஒவ்வொருவரும் தத்தம் வசதியைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே எந்தப் பகுதி உண்மையிலேயே பொது, எந்தப் பகுதி பொது போலத் தோன்றுவது மட்டும் என்று பிரித்தறிவதுதான் வேலை. பிழைச்செய்தி கொடுத்து நின்றுவிடும் வேறுபாடுகளால் ஆபத்தில்லை. அரைமணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். சத்தமில்லாமல் வேறு விடை தரும் வேறுபாடுகளைத்தான் தேடித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

வகுத்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். மங்கலத்தில் எடையைக் கிராமில் முழு எண்ணாக வைத்திருந்தார்கள்: போனது 412600, வந்தது 391300. குறைந்ததைப் போனதால் வகுத்து நூறால் பெருக்கு என்று எழுதினால் மைஎஸ்கியூஎல் 5.16 என்று சரியாகச் சொல்லும். அதே வரி போஸ்ட்கிரெஸில் பூஜ்யம் தரும். எஸ்கியூஎல் சர்வரிலும் பூஜ்யம்தான். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் அவை பின்னத்தை வெட்டிவிடும், 0.0516 என்பது 0 ஆகி, நூறால் பெருக்கினாலும் 0 ஆகவே நிற்கும். முதலில் நூறால் பெருக்கிப் பிறகு வகுத்தால் 5 வரும், புள்ளிக்குப் பின்னால் இருப்பது போய்விடும். அது இன்னும் மோசம், ஏனென்றால் பூஜ்யத்தைப் பார்த்தால் சந்தேகம் வரும், 5-ஐப் பார்த்தால் வராது. எஸ்கியூஎல் சர்வரில் இன்னொரு வழுக்கலும் உண்டு. சாதாரண முழு எண்களைக் கூட்டினால் கூட்டுத்தொகையும் அதே வகையில்தான் இருக்கும், அதன் உச்சம் ஏறக்குறைய 214 கோடி. கிராமில் கூட்டிய ஆண்டு லாஸை நூறால் பெருக்கினால், லாஸ் 21 டன்னைத் தாண்டும் ஆண்டில் வினவல் பிழையோடு நின்றுவிடும். இதற்கெல்லாம் ஒரே மருந்து, எடையை எடுத்தவுடனே தசம வகைக்கு மாற்றிக் கிலோவாக்கிவிட்டு, அதன் பிறகு கணக்குப் போடுவது. சுற்றி முழுமையாக்குவதைக் கடைசி வரியில் ஒரே ஒரு முறை செய்வது.

எழுத்துகளை ஒட்டுவதிலும் இப்படித்தான். இரண்டு செங்குத்துக் கோடுகளால் லாட் எண்ணையும் ‘ஆர்’ எழுத்தையும் ஒட்டுவது தரத்தில் உள்ள முறை. மைஎஸ்கியூஎல்லில் இயல்பு அமைப்பில் அந்தக் குறிக்கு ‘அல்லது’ என்று பொருள். ஆகவே 1243 என்ற லாட்டுக்கு ஒட்டிய எழுத்துக்குப் பதிலாக 1 என்ற விடை வரும். ‘கன்கேட்’ என்ற செயற்கூறு மூன்றிலும் உண்டு என்று நிம்மதியடைந்தால், ஒட்டும் துண்டுகளில் ஒன்று ‘நல்’ (மதிப்பே பதியாத காலி இடம்) ஆக இருந்தால் மைஎஸ்கியூஎல் முழு விடையையும் ‘நல்’ ஆக்கிவிடும், மற்ற இரண்டும் அந்தத் துண்டை மட்டும் விட்டுவிட்டு ஒட்டும். வரிசைப்படுத்தும்போது போஸ்ட்கிரெஸ் ‘நல்’லைக் கடைசியில் வைக்கும், மற்ற இரண்டும் முதலில் வைக்கும்.

இப்போது நடைமுறையில் இருக்கும் ஏற்பாட்டுக்கு வருகிறேன். ஒவ்வொரு தரவுத்தளத்திலும் ஐந்தே ஐந்து வியூக்களை, அதாவது உள்ளே இருக்கும் அட்டவணைகளை வேறு வடிவில் காட்டும் சேமித்த வினவல்களை, எழுதினேன்: லாட், போன சலான், வந்த சலான், பட்டறை, நாட்காட்டி. பெயரும், ஃபீல்டுகளும், ஃபீல்டுகளின் வகையும், அலகும் நான்கு இடத்திலும் ஒன்றே. உள்ளே என்ன இருக்கிறது என்பது அந்தந்த வீட்டு விஷயம். மங்கலத்து வியூ கிராமை ஆயிரத்தால் வகுத்துக் கிலோவாக்கும். பெருமாநல்லூர் வியூ இரண்டு அட்டவணைகளை இணைத்து ஒன்றாகக் காட்டும். அவிநாசி வியூ, துணி இன்னும் வராத லாட்டுக்குப் பழைய புரோகிராம் போட்டு வைத்த பூஜ்யத்தை ‘நல்லிஃப்’ கொண்டு ‘நல்’ ஆக்கும், இல்லையேல் வராத துணியெல்லாம் நூறு சதவீத லாஸாகிவிடும். பிராசஸ் லாஸ் வினவல் இந்த ஐந்து வியூக்களைத் தவிர வேறெதையும் தொடாது. தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் மாறும் எந்தச் செயற்கூறையும் பயன்படுத்தாது. இணைப்பு, தொகுப்பு, ‘கேஸ்’, ‘கோயலெஸ்’, தசம மாற்றம், ‘வித்’ ஆகியவற்றோடு நின்றுகொள்ளும். ‘வித்’ மைஎஸ்கியூஎல்லில் 2018-இல் வெளியான 8.0 பதிப்பில்தான் வந்தது. ஆகவே அவிநாசியில் முழு நகல் எடுத்து வைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிப்பை உயர்த்தினோம். 5.7-க்காக வினவலை வளைத்து எழுதுவதைவிட அது மேல் என்பது என் கருத்து. 2023 அக்டோபரோடு அந்தப் பதிப்பின் ஆதரவும் முடிந்துவிட்டது.

நாட்காட்டி அட்டவணையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். நமக்கு நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. தரவுத்தளங்களின் காலாண்டுச் செயற்கூறு ஜனவரியை முதல் காலாண்டு என்கிறது. மாதத்தை வெட்டி எடுக்க ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு செயற்கூறு. வாரத்தின் முதல் நாள் ஞாயிறா திங்களா என்பதிலும் ஒற்றுமை இல்லை. இவற்றையெல்லாம் கணக்கிடுவதை விட்டுவிட்டு, 2015 ஏப்ரல் 1 முதல் 2030 மார்ச் 31 வரை ஒரு நாளுக்கு ஒரு வரியாக 5,479 வரிகளை எழுதி, நிதியாண்டு, காலாண்டு, மாதத்தின் பெயர், வார எண், விடுமுறையா என்ற குறி எல்லாவற்றையும் பக்கத்தில் போட்டு, அதே கோப்பை நான்கு இடத்திலும் ஏற்றினேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி வரும் வரை யூனிட்டுகள் முழுதாக ஓடாத நாட்களையும் குறித்தேன். அதன்பின் தேதிக் கணக்கு என்பது வெறும் இணைப்பாகிவிட்டது.

தேதியில் இன்னொன்றும் உண்டு. அனுப்பர்பாளையத்தில் சலானுக்குத் தேதி மட்டும் இருந்தது. பெருமாநல்லூரில் தேதியோடு நேரமும் இருந்தது. ஏப்ரல் 1-க்கும் மார்ச் 31-க்கும் ‘இடையில்’ என்று எழுதினால், நேரம் உள்ள தரவுத்தளத்தில் அது மார்ச் 31 நள்ளிரவு பன்னிரண்டு மணியோடு, அதாவது அந்த நாள் தொடங்கும்போதே முடிந்துவிடும். பட்டறையிலிருந்து அன்று இரவு எட்டு மணிக்கு டெம்போவில் வந்து இறங்கிய துணி எந்த ஆண்டிலும் சேராமல் போகும். ஏப்ரல் 1-ஓ அதற்குப் பின்போ, கூடவே அடுத்த ஏப்ரல் 1-க்கு முன்பு என்றும் எழுதினால் இரண்டு இடத்திலும் சரியாக இருக்கும்.

பட்டறைகளை அடையாளம் காண்பது அடுத்த சிக்கல். ஒரே பட்டறையின் பெயர் நான்கு தரவுத்தளங்களில் ஒன்பது விதமாகத் தட்டச்சாகியிருந்தது. ‘ஸ்ரீ’ ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் காணோம், ஓரிடத்தில் ‘டையிங்’, ஓரிடத்தில் ‘டையர்ஸ்’. 2017 ஜூலை 1-க்குப் பிறகு இதற்கு ஒரு நல்ல வழி பிறந்தது. ஜிஎஸ்டி எண் பதினைந்து இடங்கள் கொண்டது. முதல் இரண்டு இடம் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடம் பான் எண். அந்த எண்ணையே பொதுச் சாவியாக்கினேன். அதிலும் கவனம் தேவைப்பட்டது. சிறிய எழுத்தில் தட்டிய எண்ணை மைஎஸ்கியூஎல் இயல்பு அமைப்பில் பெரிய எழுத்தோடு பொருத்திவிடும், போஸ்ட்கிரெஸ் பொருத்தாது. ஆகவே வியூவிலேயே முன்பின் இடைவெளியை நீக்கிப் பெரிய எழுத்தாக்கினேன். ஒரே மாநிலத்துக்குள் ஒரே பான் எண்ணில் தனித்தனிப் பதிவு வாங்கிக்கொள்ளச் சட்டம் இடம் தருவதால், ஒரே முதலாளியின் இரண்டு பட்டறைகள் இரண்டு எண்களோடு நிற்கலாம். அது எங்களுக்குச் சாதகமாகவே அமைந்தது, ஏனென்றால் எடை குறைவது பட்டறையைப் பொறுத்தது, முதலாளியைப் பொறுத்ததன்று.

இவ்வளவும் முடிந்து நான்கு விடைகளையும் ஒரே தாளில் அச்சிட்டு, பெருமாநல்லூர் யூனிட்டின் கணக்குப்பிள்ளையிடம் காட்டினேன். அறுபது வயதைத் தாண்டியவர், பாகம் பிரிவதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர். தாளைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஏனுங்க அம்மணி, வந்த எடைன்னு போட்டிருக்கறீங்களே, அது டையிங்ல இருந்து வந்த எடைங்களா, காம்பேக்டிங் முடிஞ்சு வந்த எடைங்களா?” என்று கேட்டார். காம்பேக்டிங் என்பது சாயம் முடிந்த துணியைச் சுருக்கி அளவை நிலைப்படுத்தும் வேலை. எனக்குப் பதில் தெரியவில்லை. “நாங்க ரெண்டுக்கும் தனித்தனியாத்தான் எடை போடுவோமுங்க. மங்கலத்துல காம்பேக்டிங் முடிஞ்சுதான் தராசுல ஏத்துவாங்க. அவங்க லாஸு எங்களதைவிடக் கூடத்தானுங்க தெரியும்” என்றார்.

அந்த ஒரு கேள்வியில் என் நான்கு விடைகளில் இரண்டு ஒப்பிடத் தகாதவையாகிவிட்டன. ஃபீல்டின் பெயர் ஒன்று, வகை ஒன்று, அலகு ஒன்று, வினவல் ஒன்று. ஆனால் எடை போட்ட இடம் வேறு. துணியை விரித்துச் செய்யும் ஓபன் விட்த் காம்பேக்டிங்கில் அதன் ஓரத்தை வெட்டி எடுத்தால் அதுவும் எடையில் குறையும். அதைப் பட்டறையின் லாஸாக எழுதுவது அநியாயம். எந்தச் சோதனை நிரலும் இதைக் கண்டுபிடித்திருக்காது, ஏனென்றால் எண்ணில் எந்தத் தவறும் இல்லை. தராசு எங்கே நின்றது என்பது எந்த அட்டவணையிலும் எழுதப்படவில்லை. அது கணக்குப்பிள்ளைகளின் நினைவில் மட்டும் இருந்தது.

அடுத்த வாரம் நான்கு யூனிட்டின் கணக்குப்பிள்ளைகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்துக் கேட்டேன். போன எடையில் காலர், கஃப் சேருமா? ரோலைச் சுற்றிய அட்டைக் குழாயின் எடையைக் கழிக்கிறீர்களா? மறுசாயத்துக்குப் போன லாட் எந்த மாதக் கணக்கில் நிற்கும்? பாதி லாட் இந்த மாதமும் மீதி அடுத்த மாதமும் வந்தால்? பேசப் பேச வேறுபாடுகள் வந்துகொண்டே இருந்தன. காலர், கஃப்பை அனுப்பர்பாளையத்தில் பீஸ் கணக்கில் மட்டும் எழுதுகிறார்கள், எடையே இல்லை. ஒப்புக்கொண்டதை இரண்டு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, நால்வரிடமும் படித்துக் காட்டி, வினவல் கோப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். வந்த சலான் வியூவில் ‘எடை நிலை’ என்று ஒரு ஃபீல்டு கூடியது. டையிங் முடிந்த எடையா, காம்பேக்டிங் முடிந்த எடையா என்று அது சொல்லும். பொது வினவல் ஒரே நிலையில் உள்ளவற்றை மட்டும் ஒப்பிடுகிறது. மங்கலத்தில் இப்போது இரண்டு இடத்திலும் எடை போடுகிறார்கள்.

வினவலைப் பொதுவாக்குவது என்று பேசும்போது நாம் பெரும்பாலும் எழுத்தைத்தான் நினைக்கிறோம். என் அனுபவத்தில் பொதுவாக்க வேண்டியது அந்த இரண்டு பக்கம். அது இருந்தால் வினவலை மூன்று மொழியில் மூன்று முறை எழுதினாலும் சமாளித்துவிடலாம். அது இல்லாமல் ஒரே வினவலை நான்கு இடத்தில் ஓட்டினால், ஒரே தவறை நான்கு இடத்தில் நம்பிக்கையோடு செய்வோம்.

காவலுக்கு இரண்டு ஏற்பாடுகள் வைத்திருக்கிறேன். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூஎல் சர்வர் மூன்றிலும் ‘இன்ஃபர்மேஷன் ஸ்கீமா’ என்ற அட்டவணைத் தொகுப்பு உண்டு. அதிலிருந்து ஐந்து வியூக்களின் ஃபீல்டு பெயரையும் வகையையும் படித்து, ஒப்புக்கொண்ட பட்டியலோடு பொருந்தாவிட்டால் ரிப்போர்ட் ஓடாமல் நின்றுவிடும். எஸ்கியூலைட்டிலும் ஆரக்கிளிலும் அந்தத் தொகுப்பு அந்தப் பெயரில் இல்லை, அவற்றை வைத்திருப்பவர்கள் வேறு வழி தேட வேண்டும். இரண்டாவது, கணக்குப்பிள்ளையும் நானும் கால்குலேட்டரில் கையால் போட்ட நாற்பது லாட்டுகளின் கணக்கு. மறுசாயம், பாதி வரவு, வராத துணி, மார்ச் 31 இரவு வரவு எல்லாம் அதில் இருக்கின்றன. வினவலில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த நாற்பதையும் நான்கு சோதனைத் தரவுத்தளங்களில் ஓட்டி, கையால் எழுதிய விடையோடு ஒத்துப் பார்த்த பிறகே அனுப்புகிறேன்.

வியூக்களை மெல்லியதாக வைத்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு வியூவுக்குள்ளேயே லாட்வாரித் தொகுப்பைச் செய்து வைத்தேன். தொகுப்பு உள்ள வியூவை மைஎஸ்கியூஎல் வெளி வினவலோடு கலக்க முடியாமல் தற்காலிக அட்டவணையாக முழுவதும் உருவாக்கியதால், ஒரு மாதத்தைக் கேட்டாலும் பத்து ஆண்டுக் கணக்கையும் புரட்டியது. பெயர், அலகு, வகை, சுத்தம் ஆகியவற்றோடு வியூ நின்றுகொள்ளட்டும். தொகுப்பு வினவலின் வேலை.

எல்லாவற்றையும் பொதுவாக்க முடியாது, முயலவும் கூடாது. இந்த வெற்றியில் மகிழ்ந்து கூலி ரிப்போர்ட்டையும் இதே போலச் செய்யப் பார்த்தேன். ஒரு யூனிட்டில் பீஸ் ரேட், ஒன்றில் ஷிப்ட் கூலி, ஒன்றில் ஒன்றரை ஷிப்ட் கணக்கு, ஒன்றில் கான்ட்ராக்ட் எடுத்தவருக்கு மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார்கள். பொது வியூ எழுதினால் அதில் பாதி ஃபீல்டுகள் எப்போதும் காலியாக இருந்தன. பெயரில் மட்டும் ஒன்றாக இருக்கும் வெவ்வேறு கணக்குகள் அவை. மூன்று வாரம் கழித்து விட்டுவிட்டேன். கூலி வினவல்கள் நான்கும் தனித்தனியாகவே இருக்கின்றன, அப்படியே இருக்கட்டும்.

சென்ற மாதம் பல்லடத்திலிருந்து ஐந்தாவதாக ஒரு யூனிட் சேர்ந்தது, மாப்பிள்ளை வழி உறவு. அங்கே இரண்டு நாள் வேலை. ஐந்து வியூக்களை எழுத அரை நாள் போதுமானதாக இருந்தது; பொது வினவலில் ஒரு எழுத்தையும் தொடவில்லை. மீதி ஒன்றரை நாளும் தராசு அறையில் கழிந்தது. அவர்கள் அட்டைக் குழாயின் எடையைக் கழிப்பதில்லை, ஒரு குழாய் எவ்வளவு இருக்கும் என்றும் யாருக்கும் தெரியவில்லை. மூலையில் கிடந்ததில் பத்துக் குழாயை எடுத்துத் தராசில் ஏற்றினோம். 7.2 கிலோ காட்டியது. குழாய்க்கு 720 கிராம். குழாய் வாங்கும் இடம் மாறினால் எடையும் மாறும் என்று அங்கிருந்த கணக்குப்பிள்ளை சொன்னதால், அந்த எண்ணை வியூவுக்குள் எழுதாமல், எந்தத் தேதி முதல் எவ்வளவு என்று தனி அட்டவணையில் முதல் வரியாகப் பதிந்துவிட்டு வந்தேன்.